பக்கிங்காம் கால்வாயை ஒட்டி ஒரு நாள்: திருவான்மியூரிலிருந்து மரக்காணம் வரை சைக்கிளில் போவது எப்படி

ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னையிலிருந்து தெற்கே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இடது பக்கம்தான் பார்க்கிறார்கள், கடல் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதால். வலது பக்கம், வீடுகளுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால், கூடவே இன்னொரு தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அதுதான் பக்கிங்காம் கால்வாய். காரில் போனால் அதன் மேல் இருக்கிற பாலத்தைச் சில விநாடிகளில் தாண்டிவிடுவோம், தாண்டியதே தெரியாது. சைக்கிள் என்றால் நிறுத்தலாம், பாலத்துச் சுவரில் சாய்த்து வைக்கலாம், கீழே தூண்டில் போடுகிறவரிடம் இன்றைக்கு என்ன மீன் என்று கேட்கலாம். இந்தக் கால்வாயைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள். எப்படிப் போவது, எங்கே திரும்புவது, எதற்குத் தயாராக இருப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கால்வாய்க் கரையிலேயே தொடர்ந்து ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி பாதை கிடையாது. கரை பல இடங்களில் உடைந்திருக்கிறது, சில இடங்களில் கட்டடம், சில இடங்களில் முட்புதர், மீதி சேறு. அதனால் ஈசிஆரை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, சாலை தண்ணீரைத் தொடும் இடங்களில் மட்டும் ஒதுங்கி, பார்த்துவிட்டுத் திரும்ப ஏறுவதுதான் நடைமுறைக்குச் சரி. நேராக ஓட்டினால் திருவான்மியூரிலிருந்து மரக்காணம் சுமார் 105 கிலோமீட்டர். நடுவில் திரும்பிப் போய் வருவதையெல்லாம் சேர்த்தால் 120 வரை வரும். இதுவரை 50, 60 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது முடியக்கூடிய தூரம்தான், ஏனென்றால் வழி முழுக்கச் சமதளம், ஏற்றம் என்றால் பாலங்கள் மட்டும்தான். அவ்வளவு வேண்டாம் என்றால் மாமல்லபுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே ஏறக்குறைய 45 கிலோமீட்டர், நல்ல பயணம்தான்.

கால்வாயின் கதை கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிறதே வேறு மாதிரி இருக்கும். 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார், அப்போது அதற்கு அவர் பெயர்தான். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. ஆனால் நகரத்துக்கு நடுவே, கூவத்துக்கும் அடையாறுக்கும் இடையில், ஏறக்குறைய 8 கிலோமீட்டர் இணையாமலே கிடந்தது. அதை வெட்டியது தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-ல். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வந்த ஜனங்களுக்குக் கூலி வேலையாகக் கொடுத்து வெட்டிய வாய்க்கால் அது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது, மண் சுமந்தவர்களின் பெயர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். ஆந்திரத்திலிருந்து உப்பும் விறகும் மற்ற சரக்கும் இந்த வழியாகத்தான் படகில் சென்னைக்கு வந்தன. பாய் கட்டியும், கழி ஊன்றியும், காற்று இல்லாதபோது கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகு விட்டிருக்கிறார்கள். 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்கள், லாரிப் போக்குவரத்து, சேர்ந்துபோன மண் எல்லாமாகப் படகுப் போக்குவரத்தை முடித்துவிட்டன.

அந்தப் படகுக்காரர்களைப் போலவே நீங்களும் காற்றைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். மார்கழி பாதிக்கு மேல், தை, மாசி தொடக்கம் வரை, அதாவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளும், தெற்கே போகிறவருக்கு அது பெரிய உதவி. மழை ஓய்ந்திருக்கும், கழிமுகங்களில் தண்ணீர் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகள் இருக்கும். இதே காற்று திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும் என்பதால்தான் ஒரு வழி மட்டும் ஓட்டி, திரும்புவதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்கிறேன். வெயில் காலத்தில் போகிறீர்கள் என்றால் காலை பத்து, பத்தரைக்குள் மாமல்லபுரத்தோடு முடித்துவிடுங்கள், அதற்கு மேல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து எதிர்த்து வரும், தார் ரோடு கொதிக்கும். கத்திரியில் நீண்ட தூரம் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆரில் வேகமாகப் பறக்கும் பைக்குகளும் கார்களும் அதிகம். வேலை நாளில் ஒரு லீவு போட முடிந்தால் போடுங்கள், இல்லையென்றால் சனிக்கிழமை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்து வந்திருக்கிறது, ஜல்லி, திடீர் டைவர்ஷன், ஒரு பக்கம் தார் இன்னொரு பக்கம் மண் என்று எதையும் எதிர்பார்த்தே போங்கள். பின் விளக்கு இல்லாமல் கிளம்பக் கூடாது, பகலிலும் அது மின்னிக்கொண்டே இருக்கட்டும். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சைக்கிள் எதுவானாலும் பரவாயில்லை, டயர் மட்டும் கவனம். பந்தய சைக்கிளின் ஒல்லி டயரில் கரைப் பக்கம் இறங்கவே முடியாது. 32 மில்லிமீட்டருக்கு மேல், முடிந்தால் 38, 40 இருந்தால் தைரியமாக மண்ணில் இறங்கலாம். இந்தப் பாதையில் உங்கள் பெரிய எதிரி லாரி இல்லை, சீமைக் கருவேல முள். கால்வாய்க் கரை நெடுக அதுதான், காய்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், எந்த டயரையும் துளைக்கும். இதற்கு என்ன செய்யலாம் என்றால், புதர் அடர்ந்த இடத்தில் ஓட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ரோட்டுக்குத் திரும்பியதும் இரண்டு சக்கரத்தையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, மேலோட்டமாகக் குத்தியிருக்கிற முள்ளை எடுத்துவிடுங்கள். ஆழமாகக் குத்தி, காற்றும் இறங்காமல் இருந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள், முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். நிழலும் இடமும் இருக்கிற டீக்கடை வரை போய் அப்புறம் பிடுங்குங்கள். டியூப் மாற்றும்போது டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியை ஓட்டிப் பாருங்கள், உடைந்த முள் நுனி எங்காவது இருந்தால் துணியில் மாட்டும். இதைச் செய்யாமல் புது டியூபைப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் அதுவும் பங்சர். இரண்டு மாற்று டியூப், பேட்ச், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு, இவை இல்லாமல் போக வேண்டாம். வழியில் இருக்கும் பங்சர் கடைகள் பெரும்பாலும் பைக்குக்கும் காருக்கும்தான், கியர் சைக்கிள் டியூப் அங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது.

சரி, கிளம்பலாம். காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன், மருந்தீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து அல்ல. காரணம், கால்வாய்க்கு நகரம் என்ன செய்தது என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். பறக்கும் ரயிலின் தூண்களையும் நிலையங்களையும் நீண்ட தூரத்துக்குக் கால்வாயின் படுகையிலும் கரையிலும்தான் எழுப்பினார்கள். ஒரு காலத்தில் சரக்குப் படகு எதிரும் புதிருமாகப் போன இடம், இப்போது தூண்களுக்கு நடுவே கறுப்புத் தண்ணீராக நெளிகிறது. நாற்றம் இருக்கும், இருட்டாகவும் இருக்கும், இரண்டு நிமிடம் நின்றால் போதும். ஆனால் இதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் இரண்டு மணி நேரம் கழித்து இதே வாய்க்கால் வானத்தைக் காட்டிக்கொண்டு விரிவதன் அருமை தெரியும்.

அங்கிருந்து ஈசிஆருக்கு வந்து தெற்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம். இந்தப் பகுதியைச் சீக்கிரம் தாண்டிவிடுங்கள், பார்க்க ஒன்றும் இல்லை, விடிந்தால் நெரிசல். அந்த நேரத்தில் நாய்கள் துரத்தும். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அக்கரையில் வலது பக்கம் சோழிங்கநல்லூருக்குப் போகும் சாலையில் திரும்பினால் கால்வாய்ப் பாலம் வரும், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் உபரி நீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் விழுந்து முட்டுக்காடு போய்க் கடலில் சேர்கிறது. அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளின் மழைநீர் கடலுக்குப் போக இதுதான் முக்கியமான வழி. வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ வீடு இருக்கிறவர்கள் இந்தப் பாலத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள்.

உத்தண்டி டோலைத் தாண்டினால் முட்டுக்காடு. நான் சொல்கிற நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், தை மாதத்தில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழும்போது முட்டுக்காட்டுப் பாலத்தில் இருப்பீர்கள். அதற்காகத்தான் ஐந்து மணி என்றேன். இடது பக்கம் மணல்திட்டும் கடல் வாயும், வலது பக்கம் கால்வாய் வந்து கலக்கும் அகன்ற காயல், படகுக் குழாம். பாலத்தில் வாகனங்கள் வேகமாக வரும், சைக்கிளைப் பாலத்தின் நடுவில் நிறுத்தாமல் கோடியில் ஓரமாக வைத்துவிட்டு நடைபாதையில் நடந்து போய்ப் பாருங்கள். அங்கே மீன் பிடிக்கிறவர்கள் பேசத் தயாராக இருப்பார்கள், தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டால் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது கோவளம், அங்கே கேளம்பாக்கம் போகும் சாலையில் வலது பக்கம் திரும்புங்கள். இந்த நாள் முழுக்க ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது இந்தச் சாலைதான். இரண்டு பக்கமும் காயலும் உப்பளமும், தார் ரோடு தண்ணீருக்கு நடுவே போகும். கூழைக்கடா, நாரை, உள்ளான், ஆலா எல்லாம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமும் தூரத்தில் வெளிர்சிவப்புக் கோடாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள், அந்த எடைக்கு அது தகும். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, இங்கே அவசரப்பட வேண்டாம். அப்படியே திரும்பிக் கோவளம் வந்து ஒரு டீயும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுத் தெற்கே போங்கள்.

திருவிடந்தை, 1976-லிருந்து இருக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணை, நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று வரிசையாக ஊர்கள் வரும். கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு ஒல்லியான நிலத்துண்டில் ஓட்டுகிறீர்கள் என்பது இங்கே நன்றாகப் புரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையில் ஏறியபோது, பல இடங்களில் அந்த நீரைக் கால்வாய் வாங்கிக்கொண்டது, அதற்கு மேற்கே இருந்த ஊர்களுக்கு வேகம் குறைந்தது. சாளுவன்குப்பத்தில் புலிக்குகையைப் பார்க்கிறவர்கள் பக்கத்திலேயே, சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த பழைய செங்கல் முருகன் கோயிலையும் பார்த்துவிடுங்கள்.

மாமல்லபுரத்துக்கு எட்டரை, ஒன்பது மணிக்குள் வந்தால் நேரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இட்லி, பொங்கல், எதுவானாலும் இங்கே வயிறு நிறையச் சாப்பிடுங்கள், எண்ணெய் அதிகமான பூரி, பரோட்டா வேண்டாம், ஓட்டும்போது நெஞ்சிலேயே நிற்கும். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் எல்லாரும் பார்த்ததுதான், இன்றைக்கு அவற்றை விட்டுவிட்டு ஊரின் மேற்குப் பக்கம் போங்கள். பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் கால்வாய்ப் பக்கம், கூட்டமே இல்லாமல் நிற்கின்றன, பாதியில் விட்ட உளி வேலையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அப்புறம் திருக்கழுக்குன்றம் சாலையில் கால்வாய்ப் பாலம். இங்கே வாய்க்கால் நேராக, இரண்டு கரையும் தெளிவாக, வெட்டியவர்கள் எப்படி நினைத்தார்களோ ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இதற்குத் தெற்கே தண்ணீர் பாட்டில்தான் உங்கள் உயிர். மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு வையுங்கள், இரண்டு பாட்டிலில் ஒன்றில் ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள். இளநீர் கிடைக்கும் இடத்தில் எல்லாம் குடிக்கலாம், பையில் கடலைமிட்டாய் இருக்கட்டும். பொங்கல் சமயமாக இருந்தால் ரோட்டோரம் பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்பார்கள், வேகவைத்தது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நீண்ட நேரம் தாங்கும்.

கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது, மஸ்லின் துணி ஏற்றுமதிக்காக வந்து உட்கார்ந்தவர்கள், உள்ளே அவர்களின் கல்லறைகள் செதுக்கு வேலையோடு இருக்கின்றன. அணுமின் நிலையத்தின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். பிறகு வாயலூர் பாலத்தில் பாலாறு, கடலில் சேரும் முன் கடைசியாக அகலமாக விரிந்து கிடக்கும். கால்வாய் இந்த ஆற்றையும் குறுக்கே கடந்துதான் தெற்கே போகிறது. இப்படி ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் தண்ணீர் மட்டத்தைப் பிடித்து வைக்க மதகுப் பூட்டுகள் கட்டியிருந்தார்கள்.

கூவத்தூர் தாண்டினால் கூட்டம் குறைந்துவிடும், வெயில் ஏறியிருக்கும். 80-வது கிலோமீட்டர் வாக்கில் முதலியார்குப்பம், ஓதியூர் ஏரி. ஏரி என்று பெயர், உண்மையில் கடலோடு தொடர்புள்ள காயல், படகுக் குழாமில் நிழலும் கழிப்பறையும் கிடைக்கும். பன்னிரண்டு மணிக்கு இங்கே வந்து சேர்ந்தால் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், காலை நீட்டுங்கள். மோர் சாதமோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு வந்திருந்தால் இங்கே பிரிக்கலாம்.

அடுத்து கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் நவாப் ஆட்சியில் கட்டி, 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்த கோட்டை. செங்கல் மதில்கள் பாதி நிற்கின்றன, அதன் காலடியில் காயல், அதற்கு அப்பால் ஒரு மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். உள்ளே கடை எதுவும் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், கடப்பாக்கத்திலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கோட்டைப் பக்கம் மணலில் சக்கரம் புதைந்தால் மிதித்து மல்லுக்கட்டாமல் இறங்கித் தள்ளுங்கள்.

கடைசி 12, 15 கிலோமீட்டர் மரக்காணம் வரை. உப்பளங்கள் இருபுறமும் பாத்தி பாத்தியாக வரும். தை மாதத்தில் பாத்திகளில் மழைத் தண்ணீர்தான் நிற்கும், உப்புக் குவியலைப் பார்க்க வேண்டும் என்றால் பங்குனி வாக்கில் வர வேண்டும், அப்போது வெயிலுக்கு நீங்களே பொறுப்பு. வரப்புகளில் சைக்கிள் ஓட்டாதீர்கள், மண் வரப்பு உடைந்தால் அவர்களுடைய பல நாள் உழைப்பு போய்விடும். ஆந்திரத்தில் தொடங்கிய கால்வாய் இந்தப் பக்கத்தில்தான் முடிகிறது, தெற்கே கழுவேலி சதுப்பு நிலம். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வெளிச்சமும் தெம்பும் மிச்சம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள், அது தனியாக ஒரு நாளுக்கு உரிய இடம்.

திரும்புவதைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று வழி இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து ஈசிஆர் வழியாக வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டு, முன்சக்கரத்தைக் கழற்றி, பின்னாடி டிக்கியில் படுக்க வைக்கலாம். லக்கேஜ் டிக்கெட் போடுவார், ஆனால் இடம் இருந்தால்தான் ஏற்றுவார், கூட்டமான மாலையில் இரண்டு, மூன்று பஸ்ஸை விட வேண்டியிருக்கலாம். நாலைந்து பேராகப் போனால் ஒரு குட்டி யானையை (சின்ன சரக்கு வண்டி) முந்தின நாளே பேசிவைத்து மரக்காணத்துக்கு வரச் சொல்லிவிடுவது நல்லது, சைக்கிள்களுக்கு நடுவே பழைய போர்வை வைத்துக் கட்டினால் கீறல் விழாது. மூன்றாவது, இன்னும் 30 கிலோமீட்டர் சொச்சம் ஓட்டிப் புதுச்சேரியில் இரவு தங்கிவிட்டு மறுநாள் வருவது, நாலு மணிக்குள் மரக்காணம் வந்திருந்தால் மட்டும் இதை யோசியுங்கள், ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஒரு வேலை பாக்கி. நாள் முழுக்க உப்புக் காற்றில் ஓடிய சைக்கிள், அப்படியே விட்டால் செயினும் போல்ட்டுகளும் சீக்கிரமே துருப் பிடிக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்து முழுக்கத் துடையுங்கள், பைப்பை வைத்து வேகமாக அடிக்க வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கும். செயினைக் காயவிட்டு எண்ணெய் போட்டு, கூடுதலாக இருப்பதைத் துடைத்துவிடுங்கள். டயரில் இன்னும் ஏதாவது முள் ஒளிந்திருக்கிறதா என்று மறுநாள் காலை காற்றை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.